ஒன்பதாவது நிமிடம்

பொய் எழுதிப் பழக்கமில்லாதவள் பொய் எழுதினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டுங்கள். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைச் சரிபார்த்து அடுக்குவது என் வேலை. மாத்திரை அளவில் ஒரு புள்ளி தள்ளிப்போயிருந்தால்கூட டாக்டரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்பேன். "பெர்சிஸ் கிட்ட மாட்டினா பேஜாருடா" என்று சின்ன டாக்டர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். உள்ளூரப் பெருமையாக இருக்கும். அப்படிப்பட்ட நான், ஒரே மத்தியானத்தில் நான்கு பேரின் பிழைப்பைப் பொய்யாக எழுதி மெயிலில் அனுப்பிவிட்டேன். நான்கில் ஒன்று என்னுடையது.

எல்லாம் எங்கள் படத்துக்காகத்தான். படத்தின் பெயர் 'ஏழாம் நம்பர் டிரம்'. தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் பச்சைத் தோலையும் ரசாயனத்தையும் போட்டுச் சுழற்றுவதற்கு ஆளைவிட உயரமான மர உருளைகள் இருக்கும். அதற்குத்தான் டிரம் என்று பெயர். மூடிக்கிடக்கிற தொழிற்சாலையில் ஏழாம் நம்பர் டிரம் தானாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. செத்துப்போன தொழிலாளி ஒருவரின் கார்டில் தினமும் காலை எட்டு மணிக்கு வருகை பதிவாகிறது. பேய்ப்படம்தான். ஆனால் வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமும் எங்களிடம் கிடையாது.

இயக்கம், எடிட்டிங் இரண்டும் முத்துமாரி. ஒடுகத்தூர்க்காரி. விடிந்ததும் கம்பெனி வண்டி ஏறி ஆம்பூருக்கு வந்து ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். முதலில் தோல் வெட்டும் பிரிவு, பிறகு தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அவளுடைய அம்மாவின் பழைய கேஸ் ஷீட்டுக்கு நகல் கேட்டு ஒருநாள் என் மேஜைக்கு வந்தாள். நகல் கிடைக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்தில் இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லி முடித்தாள். எனக்குக் கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. "இதை எழுதி வெச்சிருக்கியா?" என்று கேட்டேன். "எழுத எங்க நேரம், நீ எழுதேன்" என்றாள். அப்படித்தான் நான் எழுத்தாளர் ஆனேன்.

கேமரா தபரேஸ். ஆம்பூர்ப் பையன், முப்பது வயது ஆகப்போகிறது, இன்னும் வீட்டில் எல்லோருக்கும் பையன்தான். பதனிட்டு முடித்த தோலின் நிறம், வெளிநாட்டுக்காரர் அனுப்பிய மாதிரித் துண்டின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. ஒலி பிரேம்நாத் அண்ணன். நான் இருந்த ஆஸ்பத்திரியிலேயே, கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்கிற காது பரிசோதனைப் பிரிவில் பதினான்கு வருடம் இருக்கிறார்.

இருபத்து மூன்று நாளில் படப்பிடிப்பை முடித்தோம். மாரி தினமும் ஒரு கரும்பலகையில் மணிக்கு இத்தனை ஷாட் என்று டார்கெட் எழுதிப்போட்டு, முடிந்ததை டிக் அடிப்பாள். முடிந்த படத்தை முதன்முதலில் தபரேஸ் வீட்டில் போட்டுப் பார்த்தோம். ஏழாவது நிமிடத்தில், டிரம் பக்கத்திலிருந்து பேய் வருவதற்கு அடையாளமாக ஒரு மெல்லிய ஊசிச் சத்தம் வரும். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். தபரேஸின் வாப்பா அஹமது பாஷா மட்டும் கால்மேல் கால் போட்டபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் நிஜமாகவே டிரம் ஓட்டியவர். "இன்னா ஆச்சு, எல்லாரும் ஏன் ஷாக் அடிச்ச மாதிரி இருக்கீங்க? அங்க ஒண்ணுமே நடக்கலியே" என்றார். தபரேஸுக்கு முகம் செத்துப்போனது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போன பிரேம் அண்ணன், இரண்டு வாரம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். படத்தை வாங்கி வெளியிடுகிற ஆறு கம்பெனிகளுக்கு எழுதினேன். எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: குழுவின் பின்னணியை ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். ஆறு பேரும் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை. பார்த்தால் லிங்கில் எண்ணிக்கை ஏறும். அது பூஜ்யத்திலேயே நின்றது. 'அனுபவமுள்ள குழுவோடு வாருங்கள்' என்று ஒருத்தன் அறிவுரை வேறு எழுதினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் கேஸ் ஷீட் கட்டாலேயே அடித்திருப்பேன்.

மாரிக்குக் கம்பெனியில் சம்பளமில்லாத விடுப்பு முப்பதாம் தேதி வரைக்கும்தான். ஒன்றாம் தேதி காலையில் அவள் லைனில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் திரும்பிப் போய்விட்டால் இந்தப் படம் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடந்து சாகும். அது எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஏழாவது கம்பெனிக்கு எழுதும்போது என் புத்தி கெட்டது. முத்துமாரி: எட்டுப் படங்களில் இணை இயக்குநர். தபரேஸ்: புனேயில் ஒளிப்பதிவுப் படிப்பு. பிரேம்நாத்: மும்பை ஸ்டூடியோவில் ஒன்பது வருடம். பெர்சிஸ்: தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம். யாரிடமும் சொல்லவில்லை. அனுப்பு என்ற பட்டனை அழுத்தும்போது விரல் கூசியது, ஆனாலும் அழுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. பேசியவர் ஷர்மிளா, அந்தக் கம்பெனியில் படங்களைத் தேர்வு செய்கிறவர். "படத்தைப் பார்த்தேன். நாலு பேரையும் நேர்ல பார்க்கணும். வியாழக்கிழமை பெங்களூர் போறேன். காட்பாடியில இறங்கி ரெண்டு மணி நேரம் இருந்துட்டு அடுத்த ரயில் பிடிக்கிறேன்" என்றார்.

ஆண்டவரே! சந்தோஷத்தில் குதித்த கால் தரையில் படுவதற்குள் அந்தப் பொய்ப் பக்கம் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை மத்தியானம் தபரேஸ் வீட்டில் எல்லோரையும் கூட்டி, அந்தப் பக்கத்தை மேஜையில் வைத்தேன். பிரேம் அண்ணன்தான் முதலில் படித்தார். "மும்பையா? நான் அரக்கோணம் தாண்டினதே ரெண்டு தடவதான்மா" என்றார். தபரேஸ் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டான். மாரி சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தாள்.

"இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்றாள்.

"மாரி, அந்த ஆறு பேரும் படத்தைத் தொறந்துகூடப் பாக்கல. நம்ம வேலையப் பாத்துட்டே மூடிட்டானுங்க. அதான்..."

"அதான் இன்னா? பதினோரு வருஷம் நின்ன காலு இது. நரம்பு சுருட்டிக்கினு கெடக்குது. அத எங்க போட்ட நீ?"

"உனக்காகத்தான் எழுதினேன்."

"வேற எவனாவது எழுதியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நீ எழுதின பாரு. என் வேலை உனக்கே கேவலமா இருந்திருக்கு, இல்ல?"

இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஏனென்றால் அந்த ஆறு மெயிலுக்குப் பிறகு எனக்கு உண்மையிலேயே கூச்சமாக இருந்தது. ஷூ, தோல், காது, கேஸ் ஷீட் என்று டைப் அடிக்கும்போதே மனசு சுருங்கியது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மாரி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நாளைக்கு எட்டுப் படத்துல வேலை செஞ்சவள கூட்டிக்கினு போ. நான் வர்ல" என்று சொல்லிவிட்டு ஒடுகத்தூர் போகக் கிளம்பிவிட்டாள். அன்று முழுக்க நான் போன் அடித்தும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, காட்பாடி ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ஹோட்டலின் மாடியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். ஷர்மிளா சுறுசுறுப்பானவர், ஐம்பது வயது இருக்கலாம். வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலப்பக்கத்தை எங்களுக்குக் காட்டி உட்கார்ந்தார். காபி சொல்லிவிட்டு, பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார், பாவி மனுஷி.

"டைரக்டர் வரலையா?"

"வந்துட்டே இருக்காங்க மேடம்" என்றான் தபரேஸ். அவனுக்குப் பொய் என்னைவிட நன்றாக வந்தது.

"சரி. பிரேம்நாத், மும்பையில எந்த ஸ்டூடியோ? நானும் அங்க ஆறு வருஷம் இருந்தேன். எனக்குத் தெரியாத ஸ்டூடியோ இருக்காது."

பிரேம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒரு ஸ்டூடியோவின் பெயரைத் தேடி எடுத்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஷர்மிளா நம்பியும் இருப்பார். ஆனால் 'உனக்கே கேவலமா இருந்திருக்கு' என்ற மாரியின் குரல் அதற்கு முன்னால் வந்து நின்றது.

"மேடம், அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெள்ளை மை தொடவே கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது எல்லோரும் படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தப்பாக எழுதிய ஆளே கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் போட வேண்டும். ஏழு வருடம் எத்தனையோ டாக்டர்களை அப்படிப் போட வைத்திருக்கிறேன். என் தப்புக்கு நான் போடுவது இதுதான் முதல் தடவை.

மும்பை மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 'காது பரிசோதனைப் பிரிவு, ஆஸ்பத்திரி, பதினான்கு வருடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புனே மேல் ஒரு கோடு. 'தோல் நிறம் பார்ப்பவர், ஆறு வருடம்.' அவசரத்தில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. எட்டுப் படங்கள் மேல் கோடு போட்டு, 'ஷூ கம்பெனி, பத்து வருடம்' என்று எழுதும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பத்து இல்ல, பதினொண்ணு."

மாரி நின்றிருந்தாள். கம்பெனியில் போடுகிற நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. அவளும் உண்மையைச் சொல்லத்தான் கிளம்பி வந்திருக்கிறாள் என்று அந்த நீலக் கோட்டைப் பார்த்ததுமே புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து மேலும் ஒரு கோடு போட்டு, பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசியாக என் வரி. தொடர் வசனத்தின் மேல் கோடு போட்டு 'ரெக்கார்ட்ஸ் பிரிவு, ஏழு வருடம்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் நேரமும் போட்டு, பேப்பரைத் திருப்பி ஷர்மிளாவிடம் நகர்த்தினேன்.

"எல்லாம் நான் எழுதின பொய்யி மேடம். அனுப்புறப்ப இவங்க யாருக்கும் தெரியாது. திட்றதா இருந்தா என்னைத் திட்டுங்க."

ஷர்மிளா திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. படித்து முடித்துப் பேப்பரை மடித்தார். "இதை நம்பி நான் ஆபீஸ்ல பேசியிருந்தா என் நிலைமை என்ன? இருபது வருஷமா சேர்த்த பேரு எனக்கு" என்றார். எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "ஒண்ணு பத்துக்கு ரயில். நான் ஸ்டேஷன்லயே உட்கார்ந்துக்கிறேன்."

முடிந்தது என்று நினைத்தேன். மாரி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பிரேம் அண்ணன், ஆஸ்பத்திரியில் ஆட்களிடம் பேசுகிற அதே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மேடம், போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு. படத்துல உங்களுக்கு மொதல்ல பயம் வந்தது எத்தனாவது நிமிஷத்துல?"

ஷர்மிளா நின்றார். "ஒன்பதாவது நிமிஷம்" என்றார். பிறகு மெதுவாக, "ஆபீஸ்ல மத்த எல்லாரும் ஏழுன்னாங்க. ஏழுல ஏதோ சத்தம் வருதுன்னாங்க. நான் நாலு தடவை போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒண்ணும் இல்ல. அதைக் கேட்கத்தான் இங்க இறங்கினேன்" என்றார்.

"ஹெட்போன் போட்டுத்தான பாத்தீங்க? ஷூட்டிங்ல ஜாஸ்தி நாள் வாக்கி டாக்கி இயர்போன் மாட்டியிருக்கீங்களா, இடது காதுல?"

"பத்து வருஷம். எப்படித் தெரியும்?"

"வந்ததுலேர்ந்து வலது காதைத்தான் குடுக்குறீங்க. அந்த ஏழாவது நிமிஷ சத்தம் இடது பக்கத்துல மட்டும் வரும். ரொம்ப மெல்லிசான சத்தம். இரைச்சல்ல வேல செய்றவங்களுக்கு மொதல்ல போறது அதுதான். பேச்செல்லாம் நல்லாக் கேக்கும், அதனால அவங்களுக்கே தெரியாது. ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க, பயப்பட ஒண்ணுமில்ல."

"அப்போ ஒன்பதாவது நிமிஷம்?"

"அது தபரேஸோட அப்பாவுக்காக வெச்சது. முப்பத்தஞ்சு வருஷம் டிரம் ஓட்டினவரு, மொத தடவை அவருக்கு ஏழுல ஒண்ணும் கேக்கல. டிரம் பத்தின படம் மேடம். டிரம் ஓட்டினவங்களுக்கே பயம் வர்லன்னா எப்படி? அதான் ஒன்பதுல தரை அதிர்ற மாதிரி அடில ஒரு சத்தம் குடுத்தேன். காது போனவங்களுக்கும் அது நெஞ்சுல கேக்கும்."

கீழே ரயில் அறிவிப்பு கேட்டது. ஷர்மிளா பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "மும்பை ஸ்டூடியோவில எவனுக்கும் இது தோணியிருக்காது" என்றார்.

அதன்பிறகு கேள்வி மேல் கேள்வி. படம் முழுக்க இருட்டாக இருந்தும் எல்லாம் எப்படித் தெரிகிறது என்று தபரேஸைக் கேட்டார். அவன் அவருடைய கைப்பையைப் பார்த்து, "இதுலயே மூணு கறுப்பு இருக்குது மேடம், கைப்பிடி வேற லாட்டுத் தோலு" என்று ஆரம்பித்தான். பையை விற்ற கடைக்காரன் மாட்டினான். எடிட்டிங் பற்றிக் கேட்டதற்கு மாரி சொன்னாள்: "தோலை விரிச்சா மொதல்ல எங்க காயம் இருக்குதுன்னுதான் பாப்போம். நல்ல எடத்த ஷூவோட முன்பக்கத்துக்கு வைக்கணும். காயத்த உள்ள மடிக்கணும், இல்ல வெட்டி எறியணும். படமும் அதேதான்." என்னிடம் ஷர்மிளா ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று பத்து ரயில் போய்விட்டது.

கிளம்பும்போது, "அந்தப் பேப்பரை நீட்டா டைப் பண்ணி அனுப்பிடறேன் மேடம்" என்றேன்.

"வேணாம். கோட்டோடதான் எனக்கு வேணும்" என்று பையில் வைத்துக்கொண்டார். "ஆனா எங்க முதலாளி இதுக்கெல்லாம் மயங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர்ல ஒரு தியேட்டர்ல காலைக் காட்சி போடுங்க, உங்க ஊர் ஜனங்களைக் கூப்பிடுங்க. நான் வர்றேன். திரையைப் பார்க்கமாட்டேன், ஜனங்களைத்தான் பார்ப்பேன்."

மூன்றே நாள். மாரி அவள் லைன் பெண்களை எல்லாம் திரட்டினாள். பிரேம் அண்ணன் சனிக்கிழமை முழுக்க தியேட்டர் ஸ்பீக்கர்களோடு மல்லுக்கட்டினார். அஹமது பாஷா தன் தோஸ்துகள் இருபது பேரோடு வந்தார். எல்லோரும் டிரம் ஓட்டியவர்கள், பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் மாரி. ஷர்மிளா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

ஏழாவது நிமிடம். லைன் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ "ஐயோ" என்றது கேட்டது. அஹமது பாஷாவும் அவருடைய தோஸ்துகளும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். எட்டாவது நிமிடம் முடியவே இல்லை.

ஒன்பதாவது நிமிடத்தில் தரை லேசாக அதிர்ந்தது. அந்த இருபது பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். அஹமது பாஷா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"யாரோ உள்ள இருக்காங்கம்மா" என்றார். "டிரம்முக்குள்ள யாரோ இருக்காங்க. நிறுத்தச் சொல்லு!"

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஷர்மிளா ஜனங்களைப் பார்க்கவில்லை. நெஞ்சில் கை வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. படத்தை எடுத்துக்கொள்கிறார்களாம், முதலில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பிறகு மற்ற ஊர்கள். அடுத்த படத்தின் கதையோடு நால்வரும் சென்னைக்கு வரச் சொன்னார். காதையும் பரிசோதித்துக்கொண்டாராம், பிரேம்நாத் சொன்னது சரிதானாம். போனை வைத்ததும் தபரேஸ் என்னைத் தூக்கிச் சுற்றினான், எனக்குச் செருப்பு கழன்று போய் விழுந்தது.

மாரி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணாந்தேதி கம்பெனிக் கோட்டையும் அட்டையையும் திருப்பிக் குடுக்கணும். வேலைய விட்றேன்னு லெட்டர் வேணும். நீதான் எழுதணும்" என்றாள். "ஆனா உண்மைய எழுதுடி."

எழுதினேன். 'மதிப்புக்குரிய ஐயா, பதினோரு வருடம் தங்கள் கம்பெனியில் நின்று வேலை செய்த முத்துமாரி' என்று தொடங்கினேன். அவள் என் தோளுக்கு மேலாக எட்டி, பதினோரு என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்து ஒரு தடவை படித்துவிட்டு, மேலே எழுது என்றாள்.